முசிறி என்று சொல்லிவிட்டேன் அப்பா

என் அருமை அப்பாவுக்கு,

தேயிலைக்கடியில் குளிராமல் படுத்திருக்கிறீர்களா? முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தலைமாட்டில் வந்து நின்றேனே, தெரிந்ததா? சுற்றுலா பஸ்ஸில் வந்தேன். சிரிக்காதீர்கள்.

நான் வேலை பார்க்கிற பதுளைத் துணிக்கடை முதலாளி வீட்டுக்குக் கொழும்பிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரே நாளில் இந்தப் பக்கத்தையெல்லாம் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் எல்லாருக்கும் இடம் எடுத்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவருக்கு வயிறு சரியில்லாமல் போய்விட்டது. "காலியாப் போற சீட்டுதானடா, நீ போயிட்டு வா. லீவு நாள்ல சும்மாதானே கெடக்குற" என்றார் முதலாளி. எனக்கும் ஆசைதான். பொய் சொல்வானேன்?

பஸ் கிளம்பியதும் வழிகாட்டி எழுந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, கணீரென்ற குரல். ஒவ்வொருவராக ஊர் கேட்டுக்கொண்டே வந்தார். கொழும்பு, கொழும்பு, நீர்கொழும்பு. என் முறை வந்தது.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"முசிறிங்க. திருச்சிப் பக்கம்."

"ஓ, இந்தியாவோ! எப்ப வந்தனீர்?"

என்னத்தைச் சொல்ல? நான் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையான மேட்டு லயத்தில், மூன்றாம் காம்பரா அறை. நீங்கள் பிறந்ததும் அதே காம்பராவில்தான். முசிறி எந்தத் திக்கில் இருக்கிறது என்று நம் இரண்டு பேருக்குமே தெரியாது. ஆனாலும் நம் லயத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தானே சொல்வோம்? பெண் பார்க்க வந்தவர் கேட்டாலும் சரி, கோயிலில் கேட்டாலும் சரி, தாத்தா கப்பலேறிய ஊரைத்தான் சொல்வோம். அதைச் சொல்லாதவனை நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

 ஆனால் பஸ்ஸில் முசிறி என்று சொன்னது என் குரல் இல்லை அப்பா. உங்கள் குரல்.

பிரஜாவுரிமை விசாரணைக்கு உங்களை அரசாங்கக் கந்தோருக்குள் கூப்பிட்ட அன்று நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஊர் எது என்று அதிகாரி ஐயா கேட்டதும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, "முசிறிங்க ஐயா, திருச்சிப் பக்கம்" என்றீர்கள். கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்ட நிம்மதி உங்கள் முகத்தில் இருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். சொந்த ஊர் இந்தியாவில் இருப்பதால் இங்கே நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் இல்லை என்று மனுவைத் தள்ளிக் கடிதம் வந்தது. நம் ஓட்டுரிமையைப் பறிக்கும் முன்னால் ஒரு தடவை ஓட்டுப் போட்டதை லயம் முழுக்கச் சொல்லித் திரிந்த மனுஷன் நீங்கள்! "வாய்ப் பழக்கத்துல சொல்லிட்டேனேடா, ராசு" என்று சோறு இறங்காமல் கிடந்தீர்கள். அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் போட்ட மனுக்கள்தான். என்னுடையதற்கு இப்போதுதான் அழைப்பு வந்திருக்கிறது. நாளன்றைக்கு, வியாழக்கிழமை விசாரணை.

துன்ஹிந்த அருவியைப் பார்த்தோம், விகாரையைப் பார்த்தோம். எதுவும் என் மனதில் ஒட்டவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு பஸ் ஸ்பிரிங்வெளி மலையேறியது.

"வலப்பக்கம் பாருங்கோ. இதுதான் லயம். இவையள் இந்தியாவில இருந்து வந்தவை. என்றைக்கோ ஒருநாள் திரும்பிப் போயிடுவினம்."

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன் அப்பா! நம் வாசலை, யாரோ எனக்குக் காட்டுகிற மாதிரி, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்போது பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பேச்சி சித்தி என்னைக் கண்டுவிட்டாள்.

"அடேய் ராசு! ஒன் வீட்டப் பாக்கவாடா பஸ் ஏறி வந்த? எறங்குடா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ!"

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். சித்தி குடத்தோடு பஸ்ஸைப் பார்த்தபடியே நின்றாள்.

மேலே திருப்பத்தில் போட்டோ எடுக்க நிறுத்தினார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற இடம், உங்களைப் புதைத்த இடம். தோட்டத்தில் கல் நட விடவில்லை. நாங்கள் வைத்த கள்ளிச்செடியையும் பிடுங்கிவிட்டுத் தேயிலைக் கன்று வைத்துவிட்டார்கள். அதனால் மழைத்தண்ணீர் ஓடும் கானிலிருந்து நாலாவது செடி என்று மனதில் வைத்திருக்கிறேன். முதலாளியின் மச்சினிச்சி சிரித்துக்கொண்டே நேராக அந்தச் செடியடியில் போய் நின்றார். உங்கள் நெஞ்சின் மேல்.

"அங்க நிக்காதீங்கம்மா!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். எங்கப்பா அங்கே இருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "அட்டை கடிக்கும்" என்றேன்.

அந்த அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "உமக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டார் வழிகாட்டி.

"கேள்விப்பட்டிருக்கேங்க."

பெற்ற அப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்விப்பட்டேன் என்று சொன்னவன் நான். உங்களைப் போல வாய் தவறிச் சொன்னதல்ல, தெரிந்தே சொன்னது. இதற்கு என்னை மன்னிப்பீர்களா? எனக்கு அன்றைக்குப் பூராவும் அவமானமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

நேற்றும் இன்றும் கடையில் துணி கிழிக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். எந்த ஊர்? ஸ்பிரிங்வெளி, பதுளை. எந்த ஊர்? ஸ்பிரிங்வெளி, பதுளை. பத்துக்கு ஏழு தடவை சரியாக வருகிறது. மற்ற மூன்று தடவையும் "முசிறிங்க" என்று நீங்கள் வந்துவிடுகிறீர்கள். அதே இழுவை, அதே பணிவு. திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமில்லை.

விசாரணை முடிந்ததும் அன்றைக்கே மலையேறி வருவேன். சித்தியிடம் திட்டு வாங்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கந்தோரில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்வேன். இது சத்தியம்.

எந்தக் காரியத்துக்குப் போனாலும் கூடவே வாங்கப்பா என்றுதான் உங்களைக் கும்பிட்டுவிட்டுப் போவேன். வியாழக்கிழமை மட்டும், உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், என்னோடு வராதீர்கள்.

உங்கள் மூத்த மகன்,
ராசு