மாமனாரை எழுப்பாமல் நாற்பத்து மூன்று கிலோமீட்டர்

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் 37 கிலோமீட்டர்தான். காலையில் முழு சார்ஜ், கார் திரையில் 45 என்று பெருமையாகக் காட்டியது. கண்ணாடிக் கடைக்குப் போய் லென்ஸ் தேய்த்து, மதியம் இரண்டு கிளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வீடு திரும்புவதற்குள் பேட்டரி கையை விரித்துவிட்டது. உடனே முன்பக்கத்திலிருந்து ஒரு செருமல். பிறகு ஒரு இருமல். அப்புறம் தெருவே கேட்கிற மாதிரி ஒரு புலம்பல். பெட்ரோல் எஞ்சின் விழித்துக்கொண்டார்.

அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மாமனார். கார் பேட்டரியில் ஓடுகிறவரை நிம்மதியாகத் தூங்குவார். கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போதும், "யாரது?" என்று எழுந்துவிடுவார். எழுந்தால் லேசில் படுக்க மாட்டார்.

அக்காவிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். "நாப்பத்தாறு வயசாகியும் ஒரு பொண்டாட்டிக்கு வழியக் காணோம், மாமனார் ஒரு கேடா உனக்கு?" என்றாள். மாடியில் நான், கீழே அவளும் அத்தானும். சார்ஜர் வயர் அவளுடைய சமையலறை ஜன்னல் வழியாகத்தான் காருக்கு வருகிறது. ஆகவே அவளுக்குப் பேசும் உரிமை உண்டு.

ஜூன் 8, சனி

இன்று ஒரு பொய் சொன்னேன். சொல்லிவிட்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். எனக்கு என்ன ஆயிற்று?

போன மாதம் அத்தானுக்குக் காது பார்க்கக் கூட்டிப் போனபோது, பரிசோதனை செய்த அம்மணியின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். ஊரார் காதையெல்லாம் அளக்கிறவர், தன் கண்ணாடியைக் கவனிக்கவில்லை. "குடுங்க, சரி பண்ணித் தரேன்" என்று வாங்கி வந்தேன். அதைத்தான் இன்று அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊருக்கு வெளியே, மேட்டு மேல் வீடு. எங்கள் வீட்டிலிருந்து சரியாக 43 கிலோமீட்டர்.

வழியில் லென்ஸ் கிடங்கில் சரக்கு எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அங்கே சார்ஜ் போட்டுக்கொண்டேன். அதனால் மாமனார் கடைசிவரை எழவில்லை. பூனை மாதிரி போய் வாசலில் நின்றேன்.

"சத்தமே கேக்கலையே!" என்றார். "வாரம் பூரா ஒவ்வொருத்தர் காதுலயும் சத்தத்த விட்டு, கேக்குதா கேக்குதான்னு கேட்டுட்டே இருக்கேன். சத்தமில்லாம ஒரு மனுஷன் வாசல்ல வந்து நின்னது இன்னைக்குத்தான். எவ்வளவு நல்லா இருக்கு!"

அவர் சொன்னது வண்டியைப் பற்றி. அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் காது மடல் வரை சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில் வாய் தன் பாட்டுக்குப் பேசியது: "இது எப்பவுமே இப்படித்தாங்க. எங்க வீட்டுலேர்ந்து இங்க வரைக்கும் முழுக்க கரண்ட்லதான் வந்தேன்."

"அப்படியா! அப்ப அடுத்த சனிக்கிழமையும் வாங்க. டீ போட்டுத் தரேன்."

போகவேண்டியது 43. என் கைவசம் 37. ஆக, ஆறு கிலோமீட்டர் பொய். ஒரு வாரத்துக்குள் இதை மெய்யாக்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

காரைக் காலி செய்தேன். அத்தானின் குடைகள் மூன்று, பழைய ஃபிரேம் பெட்டிகள் இரண்டு, யாரோ விட்டுப்போன கிரிக்கெட் மட்டை, கூரை மேல் நாலு வருடமாக எதையுமே சுமக்காத கேரியர். எடை போட்டுப் பார்த்தேன்: 31 கிலோ! இவ்வளவு நாளாக ஒரு பள்ளிக்கூடப் பையனையே கூடவே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

டயரில் காற்றும் குறைவு. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்பச் சொன்னேன். காற்று அடிக்கிறவர், "தூரப் பயணமா சார்?" என்றார். "நாப்பத்து மூணு கிலோமீட்டர்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஜூன் 12, புதன்

ஏசியை நிறுத்திவிட்டு ஓட்டினேன். 41!! நாற்பத்தொன்று!!

ஜூன் 15, சனி

ஏசி இல்லை. ஜன்னலும் திறக்கவில்லை, திறந்தால் காற்று பிடித்து இழுக்குமாம். சிக்னல் சிவப்பென்று தூரத்தில் தெரிந்ததுமே காலை எடுத்து, வண்டியை அதன் போக்கில் உருளவிட்டு, உருளுகிற சக்தியையும் பேட்டரிக்கே திருப்பி அனுப்பி... பின்னால் வந்தவர்கள் ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்தார்கள். விசாரிக்கட்டும்.

41.6. மேட்டின் அடிவாரத்து வளைவில் மாமனார் எழுந்துவிட்டார். பாவி மனுஷன், இன்னும் மூணு நிமிஷம் தூங்கினால் என்ன? மேட்டில் பாதிவரை அவரைக் கத்தவிட்டு, பக்கத்து வீட்டு மதில் ஓரமாக நிறுத்திவிட்டு, மிச்சத்தை நடந்தே ஏறினேன்.

"என்னங்க, ஓடி வந்தீங்களா?" என்று அம்மணி கேட்டார். சட்டை பிழிந்தால் ஒரு வாளி தேறும். கார் எங்கே என்றதற்கு, நிழலில் விட்டிருப்பதாகச் சொன்னேன்.

மூன்று மணி நேரம் பேசினோம். நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகி முறிந்துவிட்டது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று நானும் சொன்னேன். அப்போதுதான் சொன்னார்: "எதை வேணா பொறுத்துக்குவேங்க. பொய் மட்டும் எனக்கு ஆகாது. அதனாலதான் அந்த வீட்ட விட்டே வந்தேன்."

வாயில் இருந்த பிஸ்கட் அங்கேயே நின்றுவிட்டது. சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. 1.4 கிலோமீட்டர்தானே பாக்கி? அடுத்த வாரம் மெய்யாகிவிடும். மெய்யாகிவிட்டால் அது பொய் இல்லைதானே?

ஜூன் 18, செவ்வாய்

இரண்டு ரகசியங்கள் கண்டுபிடித்தேன். ஒன்று, கிளம்புவதற்குச் சற்று முன்னால் சார்ஜ் முடியும்படி நேரம் குறித்து வைத்தால், பேட்டரி சோம்பல் முறித்துத் தயாராக இருக்கிறது. இரண்டு, வயர் செருகியிருக்கும்போதே ஏசி போட்டு காரைக் குளிரவைத்துவிட வேண்டும். அந்தக் குளிர் அக்காவின் மீட்டர் கணக்கில் போகும், என் பேட்டரியில் கை வைக்காது.

ஆளில்லாத கார் குளுகுளுவென்று நிற்பதை அக்கா பார்த்துவிட்டாள். "உள்ள யாருடா இருக்கா?"

"யாருமில்ல."

"பின்ன யாருக்கு ஏசி? எங்கிட்ட மறைக்காத. எந்த ஊரு பொண்ணு?"

சொல்லித் தொலைத்தேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. வாரா வாரம் போனதும் நிலவரத்தைத் தனக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

ஜூன் 22, சனி

பழைய சாலையில் இருபத்தைந்து வேகத்தில் போனேன். ஒரு சைக்கிள்காரர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, கையாட்டிவிட்டு முந்திப் போனார். நானும் கையாட்டினேன். 40, 41, 42... எனக்குப் பாட்டே வந்துவிட்டது. 42.3-இல் செருமல்.

மதிலோரம் நிறுத்திவிட்டு அக்காவுக்கு அனுப்பினேன்: "மாமனார் இன்னைக்கும் எழுந்துட்டாரு. இன்னும் எழுநூறு மீட்டர்தான் இருந்துச்சு. அவரை எழுப்பாம இவங்க வீட்டுக்கு வரவே முடியாது போலிருக்கு."

மேலே ஏறிப் போனேன். கதவு சாத்தியிருந்தது. போனில் பதில் வந்தது, அக்காவிடமிருந்து அல்ல.

"உங்க மாமனார் நிம்மதியா தூங்கட்டும். நீங்க இனிமே வர வேண்டாம்."

ஐயோ. ஐயோ. கடவுளே. இவங்களுக்கே அனுப்பித் தொலைச்சிருக்கேன்.

ஜூன் 23, ஞாயிறு

போன் எடுக்கல. நாலு தடவ அடிச்சேன். என்னன்னு சொல்லுவேன், மாமனார்னா எஞ்சின்னு எழுதி அனுப்பினா யாராவது நம்புவாங்களா? நானே நம்ப மாட்டேன்.

ஜூன் 26, புதன்

ஒரு லென்ஸை மாற்றித் தேய்த்துவிட்டேன். இருபது வருடத்தில் இரண்டாவது முறை.

அக்கா இன்று சிரிக்கவில்லை. "இல்லாத மாமனாருக்குக் கோவிச்சிருந்தா விளக்கிடலாம். நீ மொத நாளே ஒரு பொய்ய சொல்லிட்டு வந்திருக்க பாரு, அத என்ன பண்ணுவ? போ. நேர்ல போய் ரெண்டையும் சொல்லு." 

ரெண்டையும். ஒன்றைச் சொன்னால் தப்பிக்கலாம். இரண்டையும் சொன்னால் அவருக்கு ஆகாத அந்த ஒரே விஷயத்தில் மாட்டிக்கொள்வேன். ஆனால் அவரை விட்டுவிட முடியும் என்று தோன்றவில்லை.

ஜூன் 29, சனி

வீட்டு வாசலிலேயே பெட்ரோல் பொத்தானை அழுத்தினேன். ஏசி முழு வேகத்தில். மாமனாரை 43 கிலோமீட்டரும் கத்தவிட்டு, மேட்டில் உறுமவிட்டு, நேராக அம்மணி வாசலில் போய் நிறுத்தினேன். கதவு திறந்தது. நான் காரின் முன்மூடியைத் தூக்கினேன்.

"இவர்தாங்க என் மாமனார். வேற யாரும் கெடையாது. சத்தமா எழுந்துக்கறதால அந்தப் பேரு வச்சேன். அது மட்டுமில்ல. மொத நாள் நான் சொன்னது பொய். வழியில சார்ஜ் போட்டுத்தான் வந்தேன். இது வரைக்கும் ஒரு தடவ கூட நாப்பத்து மூணு வந்ததில்ல. அதிகபட்சம் நாப்பத்து ரெண்டு புள்ளி மூணு."

எஞ்சினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் எஞ்சினைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"மாமனார் விஷயத்துல ஏமாந்துட்டேன்" என்றார். "ஆனா அந்தப் பொய் எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும். கீழ வளைவுல எஞ்சின் ஆரம்பிச்சது, பாதி மேட்டுல நின்னது, அப்புறம் செருப்புச் சத்தம். என் தொழிலே அதானே? நீங்களா எப்ப சொல்வீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

"தெரிஞ்சுமா டீ போட்டுக் குடுத்தீங்க?"

"பொய் சொல்றவங்க சொகமா உக்காந்துதான் சொல்லுவாங்க. வேர்த்து விறுவிறுத்து, மேடு ஏறி வந்து யாருங்க சொல்லுவாங்க?"

இன்னும் ஒன்று சொன்னார்: "இனிமே சொல்லாதீங்க. சின்னதா இருந்தாலும் வேணாம்." இதைச் சிரிக்காமல் சொன்னார். சரி என்றேன். நானும் சிரிக்கவில்லை.

ஜூலை 6, சனி

44.1!!!

பஸ்ஸில் ஊருக்குள் வந்த அம்மணியை ஏற்றிக்கொண்டு, எங்கள் வாசலிலிருந்து கிளம்பினேன். ஆள் எடை கூடினால் தூரம் குறையுமே என்று நான் முணுமுணுத்ததற்கு, "எறங்கி நடக்கட்டுமா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் அதிசயம். கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் சத்தத்தைக் கேட்டார். எனக்குக் கேட்காத ஒரு மெல்லிய ரீங்காரம் அவருக்குக் கேட்கிறது. "சுருதி ஏறுது, கால எடுங்க... ம், இப்படியே... வேணாம், அவசரப்படறீங்க." நான் இத்தனை நாளாகத் திரையைப் பார்த்து ஓட்டியிருக்கிறேன், மடையன். அடிவார வளைவு தாண்டியது. மதில் தாண்டியது. இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. அவர் வாசலில் நின்றபோது சத்தமே இல்லை. ஆசை தீராமல் தெருமுனை வரை போய்ச் சுற்றி வந்தோம், அப்போதும் சத்தமில்லை!

இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். அம்மணி என் கையைப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

தூக்கமில்லை. பசியில்லை. பரம சுகம்.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். மேட்டு வீட்டிலிருந்து போனால் ஆரம்பமே இறக்கம். 45-இல் கிளம்பிய வண்டி, அடிவாரம் வருவதற்குள் 47 காட்டியது. நான் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நாலு வாரமா இதையேதான் சொல்றீங்க" என்றாள்.

அத்தானுக்கு அவள் பொருத்திக் கொடுத்த காது மெஷின் நன்றாக வேலை செய்கிறது. "இத்தன வருஷமா இவ என்னென்ன திட்டியிருக்கான்னு இப்பதாம்மா தெரியுது" என்று அக்காவைக் காட்டி அவளிடமே புகார் சொன்னார். அக்கா மாடியைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள். அங்கே இப்போது யாரும் இல்லை என்பதால் மிளகாய் காயப்போட்டிருக்கிறாள்.

சாயங்காலம் காரில் ஏறி, பழக்கத்தில் திரையிலிருந்த 'வீடு' பொத்தானை அழுத்தினேன். "நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள்" என்று காட்டியது. ஜன்னலில் அக்கா வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் மாத்தலையா?" என்று கேட்டாள் இவள், மெதுவாக. அவளே குனிந்து கதவு எண்ணையும் தெருப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். "சரியா இருக்கா, பாருங்க."

43 கிலோமீட்டர் என்று வந்தது. சரியாக இருக்கிறது என்றேன்.