மாணிக்கத்துக்கு ஒரு நிமிடம்

நவ. 6, புதன்
காலையிலிருந்து மழை. புளியும் சாம்பலும் போட்டு என் பித்தளை ஊதுகொம்பான பியூகிளைத் தேய்த்தேன். திங்கட்கிழமை, யுத்தத்தில் இறந்தவர்களுக்கு அஞ்சலி. வாலண்டியர் படைக்கு இந்த வருடமும் நான்தான் ஊத வேண்டும்.

ரயில்வே ஒர்க்ஷாப் விட்டு வரும்போது நினைவுக் கல்லை மறுபடி பார்த்தேன். எல்லாம் துரைமார் பெயர். தம்பி மாணிக்கம் இல்லை. இவர்களுக்காக பஸ்ராவில் ரயில் பாதை போடப் போய், காய்ச்சலில் செத்தவன். அந்தக் கல்லுக்கு முன்னால் வருடா வருடம் ஊதுகிறேன், வெட்கமில்லாமல்.

பாசாரில் வாங்க: விளக்குத் திரி, பூட்ஸ் கயிறு, செல்லத்துக்கு இருமல் மருந்து.

நவ. 8, வெள்ளி
தம்பி பெயரையும் கல்லில் சேர்க்கக் கேட்ட என் மனுவுக்குப் பதில். ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், தலை நிமிராமலே சொன்னார்: “அவர் லேபர் ஆள். சோல்ஜர் இல்லையெண்டு துரை எழுதிப்போட்டார்.”

“செத்ததுல கூட சோல்ஜர், கூலின்னு உண்டா ஐயா?”

“என்னட்டைக் கேட்டு என்ன?”

சோறு இறங்கவில்லை. என் மனைவி செல்லம்: “கல்லுல இல்லாட்டி போகுது. நம்ம வீட்டுல படம் இருக்குல்ல.”

எனக்கு அது போதாது. போதவே போதாது.

நவ. 10, ஞாயிறு
ஒத்திகை. முதலில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி மெட்டை ஊத வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் மௌனம். கேப்டன் துரை கைக்குட்டையைத் தாழ்த்தியதும் நான் ரெவலி மெட்டை ஊத, மௌனம் கலையும். “பியூகிள் சத்தம் கேட்கும் வரை எவ்வளவு பெரிய துரையும் அசையக் கூடாது” என்று உத்தரவு. அவர் வாயாலேயே!

பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வரும் வரை அதே நினைப்பு. செல்லத்திடம் சொல்லவில்லை. மீன் கறி, உப்பு கூட.

நவ. 11, திங்கள்
நல்ல வெயில். உதட்டுக்கு நெய். லாஸ்ட் போஸ்ட் சுத்தமாக வந்தது. மௌனம். கைக்குட்டை இறங்கியது.

நான் ஊதவில்லை.

பியூகிளை உதட்டில் வைத்தபடி மனதுக்குள் அறுபது எண்ணினேன். இருபதில் கேப்டனின் கழுத்து சிவந்தது. கைக்குட்டை மறுபடி, மறுபடி. நாற்பதில் ஒரு துரைசானி இருமினாள். தொப்பியைக் கழற்றிய அத்தனை பேரும் வெயிலில் தலைகுனிந்து, என் தம்பிக்காக. ஒருவரும் அசையவில்லை. அறுபது. ஊதினேன். ஒரு சுரம் பிசகவில்லை.

கலையும்போது கூட்டத்தில் யாரோ: “தூங்கிட்டான் போல லா.”

தூங்கினேனாம்! அடேயப்பா, என்ன சந்தோஷம்.

நவ. 12, செவ்வாய்
பியூகிளைப் பிடுங்கிக்கொண்டார்கள். விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். சரியில்லாவிட்டால் ஒர்க்ஷாப் வேலையும் போகும். கந்தையா கிட்டே வந்து: “உதடு பிடிச்சுப் போச்செண்டு எழுதும். விட்டுப்போடுவினம்.”

எழுதினேன், தமிழில்: ‘என் உதட்டுக்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு நிமிடம், பஸ்ராவில் இறந்த என் தம்பி மாணிக்கத்துக்கு. வேண்டுமென்றே செய்தேன்.’

வாசித்தார். “உமக்கென்ன விசரே?”

தாளை அவர் பக்கமே தள்ளினேன். அவர் அதை இங்கிலீஷில் மாற்றி அடிக்க டைப்ரைட்டரில் தாளைச் சொருகினார்.

“தம்பியின்ர முழுப் பேரைச் சொல்லும். பைல்ல பிழையாப் போகக் கூடாது.”

“மாணிக்கம். அப்பா பேரு அய்யாவு.”