கையிருப்பு இருபது நாள்

மார்ச் 3, செவ்வாய். காலை 9.10. வீல்சேர் மொத்தம் 140. இரவல் போனது 138. கிடங்கில் 2; இரண்டுக்கும் சக்கரம் இல்லை.

அத்தையின் அறக்கட்டளைக்கு நான் பொருளாளராகி ஒரு வாரம். வங்கியில் ஒன்பது மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது! கமிட்டியில் முகத்துக்கு நேரே கேட்டேன்: "கணக்கு தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா இங்க?" பழைய வேன் ஒன்று வாங்க முடிவு. அட்வான்ஸும் கொடுத்தாச்சு.

மார்ச் 6, வெள்ளி. முட்டாள். நான்தான்.

வீல்சேர் வாங்கிப் போனவர்கள் கட்டிய டெபாசிட்டும் அதே கணக்கில் கிடக்கிறது. சேர் திரும்பினால் கொடுக்க வேண்டிய பணம். அதைக் கழித்தால் நம்முடையது இருபது நாள். இருபதே நாள்!

மார்ச் 7. சொல்லிவிட்டேன். அத்தை சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. "ஏன்டா, அதத்தானே அன்னிக்கு சொல்ல வந்தேன்? 'குறுக்க பேசாதீங்க அத்தை'ன்னியே!"

பழுது பார்க்கும் அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, ஏப்ரல்ல எனக்குச் சம்பளம் உண்டா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"பார்த்துச் சொல்றேன்க்கா" என்று கணக்கு நோட்டை மறுபடி விரித்தேன்.

மார்ச் 9. வேன் வேண்டாம் என்று சொல்லப் போனேன். வேன்காரர்: "அட்வான்ஸ் திரும்பாது தம்பி. வேணும்னா நாலு நாள் வண்டிய ஓட்டிக்கோங்க." வெறும் வண்டியை வைத்துக்கொண்டு நான் ஊர்வலமா போக?

மார்ச் 11. யார் டெபாசிட் எவ்வளவு என்று சரிபார்க்க 138 வீட்டுக்கும் போன். காது சுடுகிறது. ஆனால் ஒரு அம்மா சொன்னார்: "அவர் எழுந்து நடந்தே ஒரு வருஷமாச்சுப்பா. சேர் மேல துணி காயுது. கொண்டு வர வண்டி இல்ல."

இதே கதை 41 வீட்டில். நாற்பத்தொன்று!

நம் செலவில் மூன்றில் இரண்டு பங்கு புது வீல்சேர் வாங்கத்தான் போகிறது. அதை நிறுத்தினால்? நன்கொடை ஒரு பைசா வராவிட்டாலும் இருபது நாள் பணம் அறுபது நாள் தாங்கும். வேன்காரரே, வருகிறேன்!

மார்ச் 15, ஞாயிறு. நாலு நாள் ஓட்டம். இடுப்பு கழன்றுவிட்டது. 41-ம் வந்தாச்சு, டெபாசிட்டும் அவரவர் கையில் கொடுத்தாச்சு. அக்கா ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்து, "முப்பத்தாறு தேறும். மிச்சத்தக் கழட்டி உதிரிக்கு வச்சுக்கறேன்," என்றார். சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுதான் குத்துகிறது.

இனி:

1. டெபாசிட்டுக்குத் தனி வங்கிக் கணக்கு. நாளையே.
2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுக்கும் போன்.
3. கமிட்டியில் மன்னிப்பு. சுருக்கமாக.
4. இல்லை, இதுதான் முதலில்: இப்போதே கிடங்குக்குப் போய் அக்காவிடம் சொல்வது — ஏப்ரல் உண்டு.