எங்கள் அண்ணன் தொடையில் உங்கள் முட்டி

பாய், பெரிய சேதி, யாரென்றே தெரியாத ஒரு பையனின் தொடைக் கட்டிக்கு இன்று காலை காரணம் கிடைத்துவிட்டது, அதை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்!

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப் போகிறது. நான் இப்போது பார்ப்பது மெடிக்கல் கோடிங் வேலை. டாக்டர்கள் எழுதிய குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை, இணையத்தில் பார்த்து நானே கற்றுக்கொண்டது. இன்று வந்த குறிப்பில் ‘தொடைத் தசையில் கால்சியம் படிவு’ என்று மட்டும் இருந்தது. எந்தத் தொடை? அடிபட்டதா, தானாக வந்ததா? அடிபட்டு வந்தால் ஒரு எண், இல்லையென்றால் வேறு எண். நானாக ஊகித்துப் போடக் கூடாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்பினேன். ‘இடது தொடை. விளையாட்டில் எதிராளியின் முழங்கால் இடித்தது’ என்று பதில் வந்தது.

திரையில் அந்த வரியைப் பார்த்ததும் டிரங்குப் பெட்டிக்கு அடிக்கும் பச்சை பெயிண்ட் வாசனை அடித்தது போல இருந்தது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆவடி குவார்ட்டர்ஸ் கபடி டீமில் பாடிப் போகும் ரெய்டர் அண்ணன்தான். அவன் கோட்டைத் தாண்டினால் நான் போடும் கூச்சலில் மறுநாள் எனக்குக் குரல் இருக்காது. பள்ளிக்கூட மேசையில் அவன் பெயரைக் காம்பஸால் கீறி வைத்திருந்தேன். அப்படிப்பட்டவன் யாருக்கும் தெரியாமல் காட்டுப்பாக்கம் டோர்னமெண்டில் வேறொரு டீமுக்கு, வேறொரு பெயரில் ஆடப் போனான். எதிர் டீம் பூந்தமல்லி. அவனைப் பிடித்து அமுக்கும்போது தொடையில் முட்டியை இறக்கியது நீங்கள்.

வீட்டில் சுளுக்கு என்று சொல்லிவிட்டான். அம்மா தினமும் எண்ணெயைச் சூடு பண்ணி, பலம் கொண்ட மட்டும் தேய்த்துவிட்டாள். வீக்கம் வடிவதற்குப் பதில் கல்லாக இறுகியது. முழங்காலை மடக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தசைக்குள் எலும்பு மாதிரி ஏதோ தெரிந்தது. அடிபட்டதா என்று டாக்டர் கேட்டார். அண்ணன் இல்லை என்றான். வேறு டீமுக்கு ஆடியது தெரிந்தால் குவார்ட்டர்ஸ் டீமிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயம். அதோடு, அடிபட்டால் வீங்கும், எலும்பா முளைக்கும் என்ற நினைப்பு. டாக்டரும் ‘அடிபடவில்லை’ என்றே எழுதினார். அடிபடாமல் இப்படி வந்தால் புற்றாக இருக்கலாம், ஒரு துண்டு வெட்டிப் பார்க்க வேண்டும், அதில் என்ன தெரிகிறதோ அதைப் பொறுத்துக் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்குள் நீங்கள் வந்தீர்கள். காலை எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு உங்கள் டிரங்குப் பெட்டிக் கடை வரைக்கும் வந்திருந்தது. அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது.

“இன்னாத்துக்கு வந்த நீ?”

“உன்னப் பாக்க வரல. டாக்டரப் பாக்க வந்தேன்.”

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவின் குறுக்கே போய் நின்றீர்கள். காட்டுப்பாக்கத்தில் நடந்ததைச் சொன்னீர்கள். அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினான். நீங்கள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டத்தில் தெரியாமல் பட்டதுதானே என்று அவர் கேட்டார்.

“ஆட்டத்துலதான் மேடம். ஆனா தெரியாம இல்ல. வேணும்னேதான் எறக்குனேன். எழுதிக்கங்க.”

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வார்டு பாய் உங்கள் காதில் ஓதினார். ஆகட்டும் என்று தலையை ஆட்டினீர்கள். டாக்டரம்மா பழைய வரியை ஒரு கோடாக அடித்துவிட்டு, எந்தத் தொடை, எத்தனை வாரம் முன்பு, எதனால் என்று புதிதாக எழுதினார். தசைக்குள் கட்டிய ரத்தத்தில் சில சமயம் கால்சியம் படிந்து எலும்பாகும், அழுத்தித் தேய்த்தால் இன்னும் கூடும் என்றார். இந்த நேரத்தில் வெட்டிப் பார்த்தால் அது புற்று மாதிரியே ஏமாற்றும் என்றும் சொன்னார். அம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டாள். ஆபரேஷன் தள்ளிப்போனது. சில வாரம் கழித்து எடுத்த படத்தில் கட்டியைச் சுற்றி முட்டை ஓடு போல ஒரு வளையம் தெரிந்தது. தொடை எலும்பை அது தொடவில்லை. புற்று இல்லை என்றார்கள். கத்தியே படவில்லை.

போலீஸ் வரவில்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் டீம் அண்ணனைத் தூக்கியது. டோர்னமெண்ட் கமிட்டி உங்களை ஒரு சீசன் ஆட விடவில்லை. அந்தத் தடை முடிந்ததும் அவனைப் பூந்தமல்லி டீமுக்குக் கூட்டிப் போனதும் நீங்களேதான். உங்களுக்காகவும் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியதாயிற்று. அதை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை, பாய்.

“மாமே, உன் தொடைல கீறது என் முட்டி. பத்திரமா வச்சிக்கோ” என்பீர்கள்.

“இத்தினி வருசமா குடி இருக்குதே, வாடகைய எட்றா” என்பான் அவன்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். கை தானாகத் தொடைக்குப் போனது. “ஆளு போய்ட்டான். முட்டி இங்கியே கீது” என்றான். அந்தக் கட்டி அப்படியே இருக்கிறது, பாய். மழைக் காலத்தில் கொஞ்சம் இழுக்குமாம். எனக்கு உங்களிடமிருந்து கிடைத்தது அந்த ஒரு கேள்வி. எதனால் என்று எழுதாத குறிப்பு வந்தால், வேலை எவ்வளவு குவிந்திருந்தாலும் கேட்காமல் விடுவதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் அந்த நாட்களில் பூந்தமல்லி டீமோடு மோதியவர்கள் யாராவது இருப்பீர்கள். பாய் கொடுத்த அடி உங்களிடமும் இருந்தால் கீழே எழுதுங்கள். இடதா வலதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.