சிவப்புப் பொட்டு உங்களுடையது

அண்ணி,

நேற்று அண்ணன் உங்கள் பீரோவை ஒழித்தார். நீங்கள் போனதிலிருந்து இத்தனை மாதம் அதன் பக்கமே போகாதவர், என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டார். நான் அப்போதுதான் ஹெப்பகோடி ஆபீஸிலிருந்து வந்திருந்தேன். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அண்ணன் ஒரு தோல்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இது உங்க ரெண்டு பேரோடது. நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

பையைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை வந்தது. அதற்கு அடியில் தோலின் பூஞ்சை வாசனை. அதற்கும் அடியில், மலைக்குப் போகும்போது மட்டும் நீங்கள் தடவிக்கொள்ளும் யூகலிப்டஸ் தைலம். பைனாகுலர் அப்படியே இருந்தது. வலது கண்ணை வைக்கும் இடத்தில் இருக்கும் வளையத்தில் நெயில் பாலிஷால் வைத்த இரண்டு பொட்டுகளும் இருந்தன. சிவப்பு உங்களுடையது. ரோஸ் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நீங்கள் பேரம் பேசி வாங்கிய பழைய சாமான் அது. இரண்டு பேருக்கு ஒரே பைனாகுலர். உங்கள் வலது கண் வேறு, என் வலது கண் வேறு. கை மாறும்போதெல்லாம் அந்த வளையத்தைத் திருப்பினால்தான் அவரவருக்குத் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எங்கே நிறுத்துவது என்று தேடிச் சலித்துப்போய், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நெயில் பாலிஷ் கேட்டு வாங்கி நீங்கள்தான் பொட்டு வைத்தீர்கள். நாலாம் வகுப்பு டீச்சருக்கு எதற்கும் ஒரு அடையாளம் வேண்டும்.

நான் விலங்கு பார்க்க ஆசைப்பட்டு மலைக்கு வந்தவள் இல்லை, அண்ணி. பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு தடவை அந்த மலைப் பூங்காவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து உங்களுக்கு அதே நினைப்பு. அண்ணனைக் கூப்பிட்டீர்கள். "கொரங்கு பாக்கணும்னா நம்ம மொட்டை மாடிக்கே வருதே" என்று அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அப்புறம்தான் மாடி அறையில் இருந்த என்னைப் பிடித்தீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று நின்றுவிட்டவள், பிடித்தால் மாட்டிக்கொள்வாள் என்று உங்களுக்குத் தெரியும். "அங்க வந்து தூங்கு ஸ்டெல்லா. யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன். கணக்கு முடித்த கண் அப்படி எரிந்துகொண்டிருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் நம்முடைய வாரம் என்று ஆகிவிட்டது. சிக்கமகளூரில் இறங்கி, மலைப் பஸ்ஸில் குலுங்கி, காப்பித் தோட்டங்களில் பூத்த பூவின் வாசனை மூக்கை அடைக்க, வனத்துறை விடுதிக்குப் போய்ச் சேருவோம். மற்றவர்கள் ஜீப்பில் ஏறிப் புலி தேடிப் போவார்கள். நாம் விடுதிக்குப் பின்னால் இருக்கும் பாறையைத் தாண்டி எங்கும் போனதில்லை. எதிரே காய்ந்த புல் சரிவு. சரிவின் மடிப்பில் கறுப்பாகச் சோலை. சோலைக்குக் கீழே, கோடையிலும் வற்றாத ஒரு நீர்க்கசிவு. காலையில் வெயில் ஏறும்வரை, பிறகு சாயங்காலம் இருட்டும்வரை, தினமும் அதே இடம். துணைக்கு வரும் வாச்சர் பாறையின் மறுமுனையில் நின்று செல்போனில் சிக்னல் தேடுவார். போகும்போது மட்டும், "ஏனாத்ரூ பந்த்தா அம்மா?" என்று ஏதாவது வந்ததா எனக் கேட்டுவைப்பார். காட்டெருமைதான் வந்தது என்று கன்னடத்தில் சொல்வீர்கள். அவருக்கு அதில் சுவாரஸ்யம் இருந்ததில்லை.

பாறையில் பேசக்கூடாது என்பது உங்கள் சட்டம். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் சும்மா இருக்க வேண்டும். யார் எதைப் பார்த்தோம் என்பதை டீ குடிக்கும்போதுதான் சொல்ல வேண்டும். "பாக்கும்போது பேசினா, பாக்குறது நின்னுபோயிடும், பேச்சுதான் மிஞ்சும்" என்பீர்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். என்னால் மறுத்துப் பேச முடிந்ததே இல்லை.

முதல் சில வருடங்கள் நான் தூங்கினேன். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, பாறையின் சூட்டில் முதுகை வைத்து, செத்ததுபோலத் தூங்கினேன். என் முறை வரும்போது நீங்கள் எழுப்பியதே இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், "உன் பங்கையும் நானே பாத்துட்டேன்" என்று ஆரம்பிப்பீர்கள். காட்டெருமைகள் எல்லாவற்றுக்கும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை. "எல்லாரும் சாக்ஸ் போட்டு யூனிஃபார்ம்ல வந்துட்டாங்க" என்பீர்கள். ஒரு கொம்பு மட்டும் கீழே வளைந்த கிழட்டுப் பசு ஒன்று, மற்றவையெல்லாம் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை குடிக்காமல் நம் பக்கம் முறைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு மதர் சுப்பீரியர் என்று பெயர் வைத்தீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்து மதர் காதில் விழுந்திருந்தால் உங்கள் வேலை போயிருக்கும்.

மதரைப் பார்ப்பதற்காகத்தான் நான் விழிக்கவே ஆரம்பித்தேன். ஒவ்வொரு வருடமும் பஸ்ஸில் ஏறும்போதே, இந்தக் கோடையில் அது இருக்குமா என்ற கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது.

கடைசிக்கு முந்திய கோடையில்தான் அது நடந்தது. உங்கள் முறை முடிந்து பைனாகுலரை என்னிடம் கொடுத்தீர்கள். கண்ணில் வைத்தேன். உடனே தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ வருடமாக உங்களிடமிருந்து வாங்கியதும் வளையத்தைத் திருப்பியிருக்கிறேன், அன்று திருப்ப வேண்டியிருக்கவில்லை. வளையம் என் ரோஸ் பொட்டிலேயே நின்றது. கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த முறையும் அப்படியே வந்தது. சாயங்காலமும் அப்படியே.

டீ குடிக்கும்போது, மதர் வந்ததாகவும், காது கிழிந்த கன்று அதன் வயிற்றுக்கடியில் புகுந்து நின்றதாகவும் சொன்னீர்கள். காது கிழிந்தது அதற்கு முந்திய கோடையின் கன்று, அண்ணி. அது வளர்ந்து, அன்று தனியாக மேய்ந்துகொண்டிருந்ததை நான் என் முறையில் பார்த்திருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் டம்ளரை இரண்டு கையாலும் தடவிப் பிடித்து எடுத்ததும், படியில் இறங்கும்போது காலால் துழாவியதும் அப்போதுதான் என் கண்ணில் பட்டன. உங்கள் சர்க்கரை நோய் கண்ணுக்குள் போய்விட்டது என்று புரிந்தது.

மறுநாள் காலை என் முறை வந்தபோது, உங்கள் சட்டத்தை உடைத்தேன். சத்தமில்லாமல் சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீருக்குப் பக்கத்தில் மூன்று கடமான்கள். ஒன்று தண்ணீரில் காலை வைத்து நிற்கிறது. சோலையிலிருந்து பனி இறங்குகிறது. வாச்சர் தூரத்தில் போனை உயர்த்திப் பிடித்து நின்றார்.

"எப்பக் கண்டுபிடிச்ச?" என்றீர்கள்.

"நீங்க வளையத்தைத் திருப்பல அண்ணி."

தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரித்தீர்கள். கணக்குப் பார்க்கிறவளைக் கூட்டிக்கொண்டு வந்தது தப்பாகப் போயிற்று என்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கை சில்லென்று இருந்தது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. சொன்னா வீட்டுலயே உக்கார வெச்சுடுவார். எனக்கு வருஷத்துக்கு இது ஒண்ணுதான்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

"அப்ப சும்மா சொல்லிட்டே இரு. எனக்காகப் பெருசாக்காத. உள்ளதைச் சொல்லு."

அதற்கடுத்த கோடைதான் கடைசி. காலையும் மாலையும் நான் சொன்னேன், நீங்கள் கேட்டீர்கள். மலையணில் எந்தக் கிளையில் இருக்கிறது, புல் எந்த இடத்தில் தீப்பிடித்துக் கறுத்து, அதில் எந்த ஓரத்தில் பச்சை முளைத்திருக்கிறது என்று நீங்கள் கேட்கக் கேட்க நான் தேடினேன். நீங்கள் பைனாகுலரைக் கையில் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. விடுதிக்காரர்கள் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதாம். சிவப்புப் பொட்டுக்கு வளையத்தைத் திருப்பிவைத்து, சரிவைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். என்னிடம் மாட்டிக்கொண்ட பிறகு அந்தத் தவறை நீங்கள் மறுபடி செய்யவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துப்போனது, அண்ணி. ஒருத்திக்காகப் பார்ப்பதற்கே கண் போதாத நேரத்தில் இரண்டு பேருக்காகப் பார்ப்பது களைப்பாக இருந்தது. ஒரு காலையில், ஒன்றுமே வரவில்லை என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்த வாக்கில் கண்ணயர்ந்துவிட்டேன். நீங்கள் எழுப்பவில்லை. விழித்தபோது வெயில் காலுக்கு வந்திருந்தது. நீங்கள் முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள்.

"சோலைக்குள்ள ஒரு கேளையாடு கத்துச்சு. குரங்கெல்லாம் சத்தம் போட்டு அடங்கிடுச்சு. அப்புறம் கல்லு உருண்டு, தண்ணிகிட்ட யாரோ பெருமூச்சு விட்டாங்க. மதராத்தான் இருக்கும். உன் பங்கையும் நானே கேட்டுட்டேன்."

நான் பைனாகுலரை எடுத்தேன். மற்றவை குடித்துவிட்டுப் போயிருந்தன. கொம்பு வளைந்த அந்தக் கிழம் மட்டும் தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டீர்கள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்பே சிறுநீரகம் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. வெளியே என்ன என்று கேட்டீர்கள். தண்ணீர்த் தொட்டிமேல் இரண்டு பருந்து, ஒன்று இறக்கையைக் காயவைக்கிறது என்றேன். "இன்னொண்ணு?" என்றீர்கள். அது சும்மா இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் அதிகம் கேட்கவில்லை.

நேற்று அண்ணன் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர்க் காப்பிதான். இந்த வருடம் மலைக்குப் போகவில்லையா என்று கேட்டார். லீவு கிடைக்குமோ என்னவோ, உடம்பும் முடியவில்லை, தனியாகப் போய் என்ன செய்வது என்றேன். அவர் என் மடியில் இருந்த பைனாகுலரை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லையே என்றார். அந்த வளையத்தைத் திருப்ப வேண்டும், இரண்டு பொட்டும் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தேன். வளையத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"அவளுக்குக் கண்ணு தெரியலைன்னு எனக்குத் தெரியும்மா" என்றார்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"என் சட்டைக்கு கறுப்பு நூல்ல பட்டன் தெச்சுட்டு வெள்ளைன்னு சொன்னா. நானும் வெள்ளைதான்னேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, போகாம நின்னுடுவாளோன்னு இருந்துச்சு. நீ கூடப் போறேன்னுதான் தைரியமா அனுப்பினேன்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று பேர் உள்ள வீட்டில் மூன்று பேரும் ஒரே விஷயத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துவைத்துக்கொண்டு, ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம். நீங்கள் அவருக்குப் பயந்தீர்கள். அவர் உங்களுக்குப் பயந்தார். நான் நடுவில் இரண்டு பேரிடமும் வாயை மூடிக்கொண்டு அலைந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அண்ணனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டிலில் கிடந்த உங்கள் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

இப்போதும் ஆபீஸ் பஸ்ஸில் நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் போகிறேன். ஏரிக்கரையில் கொக்கு, குப்பைமேட்டில் பருந்து, மேம்பாலத்துக்கு அடியில் அசைபோடும் மாடு. பக்கத்து இருக்கைப் பெண் நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள். யாருக்குச் சொல்கிறேன் என்று நானும் அவளிடம் விளக்கியதில்லை.

இன்று காலை அண்ணன் கடைக்குப் போய்விட்டு வந்து ஒரு சின்னப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். நீல நிற நெயில் பாலிஷ். யாருக்கு அங்கிள் என்று கடைப் பெண் கேட்டாளாம், வெட்கமாகப் போயிற்றாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு வைத்தார். கொஞ்சம் வழிந்து ரோஸ் பொட்டின்மேல் பட்டுவிட்டது. உங்கள் சிவப்பில் படவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். மதர் இந்தக் கோடையில் இருக்குமா என்று தெரியாது. முதல் நாள் நான் தூங்கிவிடுவேன், அண்ணி. என் பங்கை அண்ணன் பார்க்கட்டும். எழுந்த பிறகு உங்கள் பங்கை நான் பார்த்துச் சொல்கிறேன். உள்ளதை மட்டும்.