மாமாவுக்குத் தைத்த ரப்பர் ஜட்டி

18-9-1984, இரவு

பக்கவாதம் வந்ததிலிருந்து மாமாவுக்குச் சிறுநீர் நிற்பதில்லை. லுங்கித் துணியை மடித்துக் கட்டினால் நழுவிவிடுகிறது. அதனால் இவர் தன் ஷூ கம்பெனியிலிருந்து ரப்பர் ஷீட் வாங்கிவந்து, உள்ளே துணி வைத்து ஜட்டி மாதிரி தைத்தார். தன் அப்பாவைப் படுத்த நிலையில் அளந்தார். அதிலும் அரை அங்குலம் குறைத்தார்.

"டைட்டா இருந்தாத்தான் சரி. போடப் போட நெகிழ்ந்து கொடுக்கும்."

"அது தோல் ஷூவுக்குங்க. ரப்பர் எங்க கொடுக்கும்?"

"காலேஜ் படிச்சவ சொல்ட்டா!"

இன்று காலை அதைப் போட்டு மாமாவை உட்கார வைத்தோம். வயிறு பிதுங்கியது. விளிம்பு அறுத்துத் தொடை சிவந்துவிட்டது. அப்படியும் ஓரமாக ஒழுகிப் பாய் நனைந்தது. மத்தியானத்திலிருந்து மாமா தண்ணீரே வேண்டாம் என்கிறார்.

"குடிச்சாத்தானே பேஜாரு. நீ போய் கொழந்தைய பாரும்மா."

எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நாளைக்கு அவரை உட்கார வைத்து, இடுப்பு, தொடை இரண்டையும் நானே அளக்கப்போகிறேன். மருமகள் அளப்பதா என்று கூச்சப்படுவார். படட்டும்.

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் அப்படியே இருக்கிறது.