செயின் பக்கத்துக் கப்

கல்லடி,
27.07.2025

அன்பு மகன் நிலோஜனுக்கு,

மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி முன்போலத்தான். கிரான் வயல் வட்டையில் சிறுபோக நெல் வெட்டு தொடங்கிவிட்டது, இந்த முறை யானை வரவில்லை. ஊருக்கு வந்த தனுஷியா அக்காவிடம் நீ கொடுத்துவிட்ட சைக்கிள் தோல் சீற் செவ்வாய்க்கிழமை பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. அதன்பின் இரண்டு தடவை போனில் கோல் எடுத்தாய், இரண்டு தடவையும் சைக்கிள் வேலை நடக்கிறது என்றேன். அது உண்மை இல்லை. வாயால் சொல்ல முடியாமல் இதை எழுதுகிறேன், அக்கா வியாழக்கிழமை பிரான்சுக்குத் திரும்பும்போது கொண்டுவருவாள்.

ஜெரார் ஐயாவின் ரேஸ் சைக்கிளைக் கழற்றிப் பூட்ட, சைக்கிள் திருத்தும் ஏறாவூர் இல்ஹாம் 19ஆம் திகதி காலை வந்தார். நீ இரண்டு வருடமாகச் சந்தை சந்தையாகத் தேடி, ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் கொடுத்துவிட்ட கியர், பிரேக், பெடல் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கியிருந்தோம். எல்லாம் சைக்கிள் செய்த அந்த 1972ஆம் ஆண்டுச் சாமான்கள்தான். கலியாண வீட்டு நகை மாதிரி இருக்கு ஐயா என்றார் இல்ஹாம். மத்தியானத்துக்குள் பழையவை எல்லாம் கழன்றுவிட்டன, பெடல் அச்சை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கப்புகளில் செயின் பக்கத்துக் கப் மட்டும் அசையவில்லை.

நமது ஊர்ச் சைக்கிளில் அந்தக் கப்பை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பிரெஞ்சுச் சைக்கிளில் போத்தல் மூடி போல இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்று நீ அம்புக்குறி போட்டு அனுப்பிய தாள் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். ஐயா, நீங்க கடிதத்தைப் படிங்க, கப்பை நான் கழட்டுறன், முப்பது வருசமா இந்தப் பக்கம்தான் கழட்டுறன், பிரான்ஸ்காரனுக்கென்ன கை மாறியா முளைச்சிருக்கு என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். தொழில் தெரிந்தவரிடம் அதற்குமேல் சொல்வது மரியாதை இல்லை என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பேனரில் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி வலப்பக்கம் இழுத்தார். வராதபோது நானும் கூடப் பிடித்து இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிரேமின் அடிக்குழாய், வாவி உப்பில் உள்ளே கறள் பிடித்து இற்றிருந்த இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. கப் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது.

ஓட்டமாவடியில் வெல்டிங் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். மெல்லிய இரும்பு, சூடு வைத்தால் கப் பூட்டுற புரி எரிந்துபோகும், ஆள் ஏறி மிதித்தால் திரும்பவும் பிளக்கும், நான் கை வைக்கமாட்டன் என்றார். இல்ஹாம் தினமும் அசர் தொழுதுவிட்டு வந்து பிரேமுக்கு முன்னால் குந்தியிருக்கிறார். ஐயா, நீங்க ஒரு சொல்லு பலமாச் சொல்லியிருக்கலாமே என்கிறார். தேத்தண்ணி வைத்தால் குடிக்காமலே போகிறார்.

ஜெரார் ஐயா சுனாமிக்குப் பிறகு இங்கே தோணி கட்டிக் கொடுத்த மனிதர், போகும்போது தன் சைக்கிளை உன்னிடம் விட்டுப் போனவர், விசா இல்லாத உன்னை மூன்று வருடமாகத் தன் வீட்டில் வைத்திருப்பவர். எழுபத்தாறு வயதில் அவர் அடுத்த மாதம் 14ஆம் திகதி இங்கே வருவது அந்தச் சைக்கிளில் ஒருமுறை கல்லடிப் பாலம் கடக்கத்தான். அவருக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் அப்பா என்று நீயே சொன்னாய். வந்த மனிசனுக்கு முதல்ல சோறு போடுவம், பிறகு காட்டுவம் என்கிறாள் அம்மா. எனக்கு அது சரியாகப் படவில்லை, வேறு வழியும் தெரியவில்லை. காலையில் கோப்பி குடிக்கும்போது ஐயா சைக்கிள் எப்படி என்று தினமும் கேட்கிறார் என்றாயே, இதைப் படித்த பிறகு கேட்டால் என்ன சொல்வாய்? நான் எழுதி அனுப்பியிருந்தேன், தாள் அப்பாவின் பையில் இருந்தது என்று மட்டும் சொல்.

மாமாங்கேஸ்வரர் உனக்குத் துணையிருக்கட்டும், உன் பேப்பர் அலுவல் சீக்கிரம் சரிவர வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருக்கிறாள். வேலைக்குப் போகும்போது சாப்பிடாமல் போகாதே. மறக்காமல் ஒன்று, அந்தக் காலத்துச் செயின் கிடைத்திருக்கிறது, ஐயா வரும்போது அவரிடமே கொடுத்துவிடுகிறேன் என்றாய். அதை அவர் கையில் கொடுத்துவிடாதே மகன்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
அழகரத்தினம்